உங்களுக்குத் தெரியுமா? கரியும் ஒயினும் போட்ட ரோடு!

லண்டனின் விக்டோரியா எம்பேங்க்மென்ட் சாலை தேம்ஸ் நதியின் கரையில் ஓடுகிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, ஆற்றுக்குள்ளேயே ஓடுகிறது! சேறும் தண்ணீருமாகக் கிடந்த ஓரத்தைத் தூர்த்துத்தான் சாலை போட்டார்கள். ஆற்றிடமிருந்து பிடுங்கிய நிலம் 37 ஏக்கர்!

பணம் எங்கிருந்து வந்தது? லண்டனுக்குள் வந்த நிலக்கரிக்கும் ஒயினுக்கும் போட்ட வரியிலிருந்து! குளிர் காய்ந்தவரும் குடித்தவரும் சேர்ந்து போட்ட ரோடு!

அந்த நிலக்கரி வரிக்கு வயது என்ன தெரியுமா? 1666-ல் லண்டன் தீக்கிரையானது அல்லவா? எரிந்த ஊரைத் திரும்பக் கட்டப் போட்ட வரி அது. ரத்தானது 1889-ல்! இருநூறு வருஷத்துக்கு மேல் வசூல்!

வரி எல்லை எதுவென்று காட்ட ஊரைச் சுற்றித் தூண்கள் நட்டார்கள். வரி போய்விட்டது, தூண்கள் போகவில்லை. இன்றும் நிற்பவை சுமார் 200!

திட்டம் பழசு, வேலைதான் புதுசு! ஆற்றோரம் அகலமான கரைச்சாலை வேண்டும் என்று கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வரைந்து கொடுத்தது 1666-ல். சாலை திறந்தது 1870-ல். இடைவெளி 204 வருஷம்!

நாடாளுமன்றத்தை அசைத்தது எது? நாற்றம்! 1858 கோடையில் தேம்ஸ் வீசிய துர்நாற்றத்தில் உறுப்பினர்களால் சபையில் உட்கார முடியவில்லை. திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பாதாளச் சாக்கடைக்கான சட்டம் நிறைவேற எடுத்த காலம் வெறும் 18 நாள்!

மேலே 100 அடி அகலச் சாலை. கீழே பாதாளச் சாக்கடை. பக்கத்தில் ரயில் சுரங்கம். கேஸ், குடிநீர்க் குழாய்களுக்கென்றே ஆள் நடந்து போகும் தனிச் சுரங்கம். எல்லாம் ஒரே வேலையில்! பொறியாளர் பெயர் ஜோசப் பாசல்ஜெட்.

ரோட்டை முந்தியது ரயில்! அடியில் ரயில் ஓடத் தொடங்கியது 1870 மே 30. மேலே சாலை திறந்தது ஜூலை 13!

காற்றழுத்தத்தில் ஓடும் ரயிலைக்கூட அதே இடத்தில் ஆற்றுக்கு அடியில் விடப் பார்த்தார்கள். வேலையும் ஆரம்பித்தது. பணம் தீர்ந்தது. 1868-ல் மூட்டை கட்டினார்கள்!

சாலையை நகருக்குள் நீட்ட வேண்டாமா? பிளாக்ஃபிரையர்ஸிலிருந்து மேன்ஷன் ஹவுஸ் வரை புதிதாகக் குவீன் விக்டோரியா தெரு போட்டார்கள். 1871-ல் திறந்தது. செலவு 10 லட்சம் பவுண்டுக்கு மேல்!

இன்னொரு பக்கம் நார்த்தம்பர்லேண்ட் அவென்யூ. வழியில் ஒரு பிரபுவின் மாளிகை நின்றது. 5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கி, 1874-ல் இடித்தே தள்ளினார்கள்! உச்சியில் நின்ற சிங்கச் சிலை மட்டும் பிழைத்து, பிரபுவின் இன்னொரு மாளிகைக்குக் குடிபோனது!

1626-ல் கட்டிய யார்க் வாட்டர் கேட் ஒரு படகுத்துறை வாசல். சாலை வந்த பிறகு அது பூங்காவுக்குள் மாட்டிக்கொண்டது. இன்று அதற்கும் தண்ணீருக்கும் நடுவே சுமார் 137 மீட்டர்!

மீட்ட நிலத்தில் அலுவலகம் கட்டி வாடகை பார்க்கலாம் என்றது கிளாட்ஸ்டன் அரசு. விடவில்லை ஒரு எம்.பி.! ரயில் நிலையங்களில் புத்தகக் கடை நடத்திய டபிள்யூ. எச். ஸ்மித்தான் அவர். ஜெயித்தது பூங்கா!

1878-லேயே இந்தச் சாலையில் மின்விளக்கு! ஆனால் கட்டுப்படியாகவில்லை. 1884-ல் மறுபடியும் கேஸ் விளக்குக்கே திரும்பினார்கள்!

தெருவைத் தோண்டாமல் மின்கம்பி போட முடியுமா? முடியும்! லண்டனிலேயே 1869-ல் திறந்த ஹோல்பர்ன் மேம்பாலத்துக்கு அடியிலும் குழாய்ப் பாதை முன்கூட்டியே தயார். 1882-ல் எடிசன் மின்நிலையம் அதற்குள்ளேயே கம்பியை இழுத்துவிட்டது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை!

பாசல்ஜெட்டின் சாக்கடைகளுக்கு இறைத்த செங்கல் 31 கோடியே 80 லட்சம்! அவற்றின் சுமையைக் குறைக்க 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்கம் தோண்டி, 2025 பிப்ரவரியில் முழுவதுமாக இணைத்தார்கள். அகலம் 7.2 மீட்டர்!

லண்டன் போனால் கடிகாரக் கோபுரத்தோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். காலடியையும் கவனியுங்கள். 150 வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பழைய சாக்கடை இன்றும் வேலை செய்கிறது!