பகுதி பகுதியாக ஒரு பாதயாத்திரை

அமெரிக்காவின் கிழக்குப் பிராந்தியத்தில், தெற்கே ஜார்ஜியா மாகாணத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாகாணங்களின் காடுகளையும் மலைமுகடுகளையும் கடந்து, வடக்கே மெயின் மாகாணத்துக் கட்டாடின் சிகரத்தில் முடிகிற அப்பலாச்சியன் மலைப்பாதை, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை ஒரே தொடர்ச்சியாக நடந்து முடிக்கப் பல மாதங்கள் வேண்டும். உத்தியோகமும் குடும்பப் பொறுப்பும் உடையவர்களுக்கு அத்தனை அவகாசம் கிட்டுவது அரிதாகையால், விடுமுறை வாய்த்தபோது ஒரு பகுதியை நடந்து, நிறுத்திய இடத்திலிருந்தே அடுத்த ஆண்டில் மீண்டும் புறப்படும் வழக்கத்தைப் பலர் மேற்கொண்டிருக்கிறார்கள்.

இது குறைபட்ட யாத்திரை என்று கருதுவதற்குச் சரித்திரம் இடந்தரவில்லை. 1921-ல் பெண்டன் மெக்கே இப்பாதைக்கான யோசனையை வெளியிட்ட பின்னர், தொண்டர்கள் ஆங்காங்கே சங்கங்களாகக் கூடித் தத்தம் பகுதியைச் செப்பனிட்டு இணைத்ததனாலேயே 1937-ல் அது பூர்த்தியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில், அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, பாதை முழுவதையும் முதன்முதலாக நடந்து தீர்த்த பெருமையைப் பெற்ற மைரன் ஏவரி என்னும் வழக்கறிஞரும் பகுதி பகுதியாகவே நடந்தார். 1955-ல், தமது 67-ஆம் வயதில், ஒரே பருவத்தில் தன்னந்தனியாக நடந்து புகழ்பெற்ற எம்மா கேட்வுட் அம்மையார், பிற்காலத்தில் மூன்றாம் முறையாக அதைக் கடந்ததும் இம்முறையிலேதான்.

இவ்வாறு நடப்பவருக்குப் பருவத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உண்டு. தென்பகுதிக்கு வசந்தத்தையும், வடமலைகளுக்கு இலைகள் செந்நிறங் கொள்ளும் காலத்தையும் அவர் ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் கால்கள் மலையேற்றத்துக்குப் பழகி வலுப்பெறும் தருணத்தில் விடுமுறை முடிந்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் ஆரம்ப நாட்களில் குறைந்த தூரமே நடந்து, உடலைப் படிப்படியாகப் பழக்குவது அவசியம்.

மரங்களில் தீட்டிய வெள்ளைப் பட்டைகள் வழிகாட்டுகின்றன. இரு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தென்பட்டால் முன்னே திருப்பம் உண்டு என்று அறியவேண்டும். நீலப் பட்டைகள் நீரூற்று, கொட்டகை முதலியவற்றுக்குச் செல்லும் கிளைவழிகளைக் குறிக்கும். மூன்று புறம் மட்டும் சுவரடைத்த அக்கொட்டகைகள் கூட்டமான நாட்களில் நிரம்பிவிடுமாதலால், கூடாரத்தை உடன்கொண்டு செல்வதே விவேகம். அதனை நீர்நிலையிலிருந்து 200 அடியாவது விலக்கி அமைப்பதும், உணவுப் பையைக் கரடிக்கு எட்டாதபடி மரக்கிளையில் உயரக் கட்டுவதும், குப்பையைத் திரும்பச் சுமந்து வருவதும், காட்டுக்கும் பின்வருவோருக்கும் நாம் செய்யும் மரியாதையாகும்.

இப்பாதையைப் பரிபாலிக்கும் சங்கம், ஒரே ஆண்டில் முடித்தவருக்கும் பல்லாண்டுகளில் முடித்தவருக்கும் பேதமின்றி ஒரே அங்கீகாரத்தை அளிக்கிறது. முழுத்தூரத்தையும் தம் கால்களாலேயே கடந்தாரா என்பதொன்றே அங்கே நிபந்தனை; ஆதலால், அவகாசம் இல்லை என்பதற்காக ஒரு மகத்தான பாதையை நாடாமலிருக்க எவருக்கும் நியாயமில்லை.