ஒலியடக்கியை மாற்றுதல்

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் முழுவதையும் மாற்றாமல், அதன் கடைசிப் பகுதியான ஒலியடக்கியை மட்டும் சிலர் மாற்றுகின்றனர். இயந்திரம் நன்கு குளிர்ந்த பிறகு, கவ்வியைத் தளர்த்தித் தாங்கியின் போல்ட்டைக் கழற்றினால் பழையது வெளியே வந்துவிடும். புதியதைச் செருகியதும் ஸ்பேனரை எடுத்துவிடக்கூடாது. முதலில் கையால் முடுக்கி, குழாய் நேராக அமர்ந்த பின்னரே இறுக்க வேண்டும். கோணலாக இறுக்கினால், அதிர்வில் தாங்கி உடைய நேரிடும். இணைப்பிலும் புகை கசியும்.

இத்தகைய ஒலியடக்கிகள் பலவற்றில், துளையிட்ட உட்குழாயைச் சுற்றியுள்ள கண்ணாடி இழையே ஒலியை உறிஞ்சுகிறது. சூட்டில் அந்த இழை நாளடைவில் கருகிக் குறையும். சத்தமோ கூடிக்கொண்டே போகும். ஓட்டுபவருக்கு அது பழகிவிடுகிறது. அண்டை வீட்டாருக்கு அப்படியில்லை. மலேசியச் சாலைகளில் சோதனை நடத்தும் சாலைப் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் அப்படியில்லை. அப்போது ஒலியடக்கியையே தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரும்பாலும் இழையைப் புதிதாகச் சுற்றினாலே போதும்.