3 மில்லி மீட்டரில் பறிபோன தங்கப் பதக்கம்!

நீச்சல் குளத்தில் ஒரு வினோத வழக்கு

(நமது நிருபர்)

ஒரு வினாடி எவ்வளவு நேரம்? "ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். அந்த ஒரு வினாடியை ஆயிரம் துண்டாக நறுக்குங்கள். அதில் 2 துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2 துண்டு நேரத்தில்தான் ஒரு வாலிபரின் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் கைநழுவிப் போனது!

நடந்த இடம், அப்போது மேற்கு ஜெர்மனியில் இருந்த மூனிச் நகரம். 1972-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ந் தேதி. தங்கத்தைப் பறிகொடுத்தவர் பெயர் டிம் மெக்கீ. வயது 19. அமெரிக்க நாட்டவர். தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனவர் குன்னர் லார்சன். வயது 21. சுவீடன் நாட்டவர்.

குத்து-வெட்டு, சாக்கடை அடைப்பு என்று எழுதுகிற பேனாவுக்கு நீச்சல் குளத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு கேஸ்தான். வாதி-பிரதிவாதி உண்டு. சாட்சி உண்டு. தீர்ப்பும் உண்டு. அந்தத் தீர்ப்புதான் இடிக்கிறது.

4 வகை நீச்சல்

நடந்தது 400 மீட்டர் "மெட்லே" பந்தயம். அதாவது ஒரே ஆள் 4 வகை நீச்சலையும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். முதல் 100 மீட்டர், இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டு நீந்தும் "பட்டர்பிளை". அடுத்த 100 மல்லாந்த நீச்சல். மூன்றாவது 100, தவளை மாதிரி கை-காலை விரிக்கும் மார்பு நீச்சல். கடைசி 100 "பிரீ ஸ்டைல்".

குளத்தின் நீளம் 50 மீட்டர். ஆக மொத்தம் 8 தடவை குறுக்கே போய்வர வேண்டும். ஒன்றில் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் பிரயோசனம் இல்லை. மூன்றில் முந்தி, ஒன்றில் தடுமாறினால் போச்சு!

அப்படித் தடுமாறியவர் கேரி ஹால். இவரும் அமெரிக்கர். மூனிச்சுக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 4 நிமிடம் 30.81 வினாடியில் நீந்தி உலக சாதனை செய்திருந்தார். பாதிப் பந்தயம் வரை இவர்தான் முன்னால் போனார். மார்பு நீச்சல் வந்தது. ஆள் சோர்ந்து போனார். கடைசியில் 5-வது இடம்தான் கிடைத்தது.

இந்தக் கேரி ஹால் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

விரட்டினார்

ஹால் பின்தங்கியதும் மெக்கீ முன்னால் வந்தார். கடைசி 100 மீட்டரில் லார்சன் அவரை விரட்டினார். பிரீ ஸ்டைல் என்றால் லார்சனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. 1970-ம் ஆண்டிலேயே 400 மீட்டர் பிரீ ஸ்டைலில் உலக சாதனை செய்தவர் அவர். இடைவெளி குறைந்தது. இன்னும் குறைந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட்டார்கள்.

கூட்டம் முழுவதும் ஸ்கோர் போர்டைப் பார்த்தது.

லார்சன் - 4 நிமிடம் 31.98 வினாடி.

மெக்கீ - 4 நிமிடம் 31.98 வினாடி.

இரண்டு பேருக்கும் ஒரே நேரம்! யாருக்குத் தங்கம்? யாருக்கும் புரியவில்லை. நீந்தியவர்கள் தண்ணீரில் நின்றபடியே முழித்தார்கள். அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். நிமிடங்கள் ஓடின.

போர்டில் தெரிந்தது வினாடியில் நூறில் ஒரு பங்கு வரைதான். எந்திரத்தின் வயிற்றுக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கு இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார்கள். லார்சன் 31.981. மெக்கீ 31.983.

லார்சனுக்குத் தங்கம் என்று தீர்ப்பானது. மெக்கீக்கு வெள்ளி. 4 நிமிடம் 32.70 வினாடியில் வந்த ஹங்கேரி வீரர் ஆண்ட்ராஸ் ஹர்கிதாய்க்கு வெண்கலம்.

ரோமாபுரி தகராறு

எந்திரம் சொன்னதை ஏன் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்? அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது.

1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக். 100 மீட்டர் பிரீ ஸ்டைல். ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும், அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் கிட்டத்தட்ட சேர்ந்தே வந்தார்கள். (அந்த லார்சன் வேறு, இந்த லார்சன் வேறு. பெயர்தான் ஒற்றுமை.)

ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் 3 பேர். டெவிட்டுக்கு மூன்று கடிகாரமும் 55.2 வினாடி காட்டின. லார்சனுக்கு ஒன்று 55.0, மற்ற இரண்டும் 55.1. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் லார்சன்தான் முதலில் வந்தவர். ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்லும் நடுவர்கள் 6 பேரும் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். தலைமை நடுவர் குறுக்கிட்டு டெவிட்டுக்குத் தங்கம் என்றார். அதோடு விட்டார்களா? லார்சனின் நேரத்தையும் 55.2 என்று திருத்தி எழுதிவிட்டார்கள்!

போலீஸ் ஸ்டேஷன் ரிக்கார்டில் இப்படித் திருத்தினால் கோர்ட்டில் கிழித்துவிடுவார்கள்.

அந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் மனிதக் கண்ணே வேண்டாம் என்று சுவரில் தொடு பலகை மாட்டினார்கள். கை பட்டதும் கடிகாரம் தானாக நிற்கும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது வந்தது. மூனிச்சில் அதையே முழுசாக நம்பினார்கள். நம்பியது தப்பில்லை. ஆனால் எந்திரம் சரியாக இருந்தால் போதுமா? சுவர் சரியாக இருக்க வேண்டாமா?

சுவர் சொல்லும் சாட்சி

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். அன்று அவர்கள் நீந்திய வேகம், சராசரியாக வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆயிரத்தில் 2 பங்கு வினாடியில் அந்த வேகத்தில் எவ்வளவு தூரம் போகலாம்? சுமார் 3 மில்லி மீட்டர். இரண்டு ஒரு ரூபாய் காசுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். அவ்வளவுதான் உயரம்!

குளம் கட்டுகிற கொத்தனார் 3 மில்லி மீட்டர் சுத்தமாகச் சுவர் எழுப்புவாரா? ரோடு, கால்வாய் வேலைகளை நின்று பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஓடு ஒட்டும்போது கொஞ்சம் கலவை கூடினாலே 3 மில்லி மீட்டர் போய்விடும்.

சர்வதேச நீச்சல் சங்கமே இதை ஒப்புக்கொண்டது. 50 மீட்டர் குளம் 50 மீட்டருக்கு ஒரு இம்மி குறையக் கூடாது. கூடினால் 3 சென்டி மீட்டர் வரை பரவாயில்லை என்றுதான் அதன் விதி நெடுங்காலம் இருந்தது. 3 மில்லி மீட்டர் அல்ல, 3 சென்டி மீட்டர்! நீந்துகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாதையில் போகிறார்கள். ஒருவரின் பாதை இன்னொருவரின் பாதையைவிட ஒரு நூல் நீளமாக இருந்தால், 8 தடவை போய்வரும்போது அது 8 பங்காகப் பெருகும்.

மூனிச் குளத்தில் கோளாறு இருந்தது என்று சொல்லவில்லை. ஆனால் விதி அனுமதித்த வித்தியாசம் மலையாக இருக்கும்போது, கடுகை வைத்துத் தங்கத்தை முடிவு செய்தார்கள். எந்திரம் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். முந்தியது ஆளா, சுவரா என்று யார் சொல்வது? சந்தேகத்தின் பலனை மெக்கீக்குக் கொடுத்து, இரண்டு பேர் கழுத்திலும் தங்கத்தைப் போட்டிருக்க வேண்டும். லார்சனுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

விதி மாறியது

நீச்சல் சங்கத்துக்கும் அது உறைத்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு இனி செல்லாது, நூறில் ஒரு பங்கு வரை ஒரே நேரம் என்றால் இருவருக்கும் ஒரே இடம் என்று பிறகு விதியை மாற்றினார்கள்.

அதன் பலனை மற்றவர்கள் அனுபவித்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் பிரீ ஸ்டைலில் நான்சி ஹோக்ஸ்ஹெட், கேரி ஸ்டைன்சைபர் என்ற 2 அமெரிக்கப் பெண்கள் 55.92 வினாடியில் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் தங்கம்! 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்பிளையில் மைக்கேல் பெல்ப்ஸ் உள்பட 3 பேர் 51.14 வினாடி. மூன்று பேருக்கும் வெள்ளி.

2000-ம் ஆண்டு சிட்னியில் நடந்ததுதான் வேடிக்கை. ஆண்கள் 50 மீட்டர் பிரீ ஸ்டைலில் 2 அமெரிக்கர்கள் 21.98 வினாடியில் வந்து தங்கத்தைப் பங்கு போட்டார்கள். ஒருவர் ஆண்டனி எர்வின். மற்றவர் கேரி ஹால் ஜூனியர். ஆமாம், மூனிச்சில் சோர்ந்து 5-வதாக வந்தாரே, அந்தக் கேரி ஹாலின் மகன்! அப்பா நீந்திய பந்தயத்தில் நடந்த தகராறால் வந்த விதி, 28 ஆண்டு கழித்து மகனுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தது.

இப்போது மெட்லே பந்தயத்தின் வேகமே வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் வீரர் லியோன் மார்ஷான் இதே 400 மீட்டரை 4 நிமிடம் 2.95 வினாடியில் முடித்தார். அடுத்தவர் வந்து சேர 5 வினாடிக்கு மேல் ஆனது. அங்கே எந்திரம் எதற்கு? கண்ணே போதும்.

மெக்கீ என்ன ஆனார்?

மூனிச்சிலேயே 4 நாள் கழித்து 200 மீட்டர் மெட்லே. லார்சன் 2 நிமிடம் 7.17 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். இந்தத் தடவை எந்தத் தகராறும் இல்லை, ஒரு வினாடிக்கு மேல் இடைவெளி. இரண்டாவதாக வந்தவர் மறுபடியும் மெக்கீ.

மனிதர் விடவில்லை. 1976-ம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்கும் வந்தார். 400 மீட்டர் மெட்லேயில் 4 நிமிடம் 24.62 வினாடியில் நீந்தினார். மூனிச்சைவிட 7 வினாடிக்கு மேல் வேகம். ஆனால் சக அமெரிக்கர் ராட் ஸ்ட்ராக்கன் 4 நிமிடம் 23.68 வினாடியில் உலக சாதனை செய்து முந்திவிட்டார்.

மெக்கீ வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் 3. மூன்றும் வெள்ளி. விதியை மாற்றியவர்கள், மூனிச் முடிவை மட்டும் மாற்றவில்லை.