மார்பகப் புற்றுநோய்: எந்தப் பரிசோதனை யாருக்கு?



திருவள்ளூர் கிராமங்களிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் வேலை செய்யும் சகோதரிகள் பலர், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் "வலி இல்லையே" என்று இருந்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. "நல்ல ஸ்கேன் இயந்திரம் ஒன்று வாங்கினால் போதாதா?" என்று ஆதரவாளர்கள் நம்மைக் கேட்பதுண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று முழுவதும் செய்யாது என்பதே பதில்.

மேமோகிராம் என்பது குறைந்த அளவு எக்ஸ்ரே. மார்பை இரு தகடுகளுக்கிடையே அழுத்திப் படமெடுப்பார்கள். கைக்குத் தட்டுப்படாத, உப்புத்தூள் போன்ற சுண்ணாம்புத் துகள்களை இது காட்டும். சிலருக்கு அவையே நோயின் முதல் அடையாளம். ஆனால் இளவயதினரின் அடர்ந்த மார்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையே. ஆகவே நோய் மறைந்துகொள்ளக்கூடும்.

அங்கே அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை. கட்டியில் இருப்பது நீரா, சதையா என்றும் பிரித்துக் காட்டும். ஜப்பானில் 40 முதல் 49 வயதுள்ள ஏறத்தாழ 73,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேமோகிராம் மட்டும் நூற்றுக்கு 77 புற்றுநோய்களைக் கண்டது. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது 91. ஆனால் நோயில்லாதவர்களும் கூடுதலாக மறுபரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமானது, செலவும் வீண்பயமும் அதிகம். குடும்பவழியில் ஜீன் கோளாறு உள்ளவர்களுக்கே முக்கியமாகப் பயன்படும். உடற்சூட்டைப் படமெடுக்கும் தெர்மோகிராபி, மேமோகிராமுக்கு ஈடாகாது. எதில் சந்தேகம் வந்தாலும், ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதித்தே நோயை உறுதிசெய்வார்கள்.

இயந்திரம் எட்டாத இடத்தில் என்ன செய்வது? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சிபெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். முடிவு 2021-இல் வெளியானது. பரிசோதிக்கப்பட்டவர்களில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் இந்நோயால் வரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை. எனினும் கையும் உயிர் காக்கும் என்று இதனால் அறிகிறோம்.

ஆகவே, இயந்திரத்திற்குக் கொடுக்கும்போது, அதனிடம் வந்து சேரவேண்டிய சகோதரியின் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இதை வாசித்துக் காட்டுங்கள். கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, தோலில் குழி, அக்குளில் நெறி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வலிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.