கடன் தீர்த்த சிப்பி

சிப்பி என்றதும் நமக்கு முத்துதான் நினைவுக்கு வரும். கொற்கையின் புகழ் அப்படி! ஆனால் நாம் இன்று பேசப் போவது முத்துச் சிப்பியைப் பற்றியல்ல. தின்னும் சிப்பியைப் பற்றி. அதைக் கடலிலே பயிரிட்டுப் பிழைக்கும் இரு நாட்டு உழைப்பாளிகளைப் பற்றி.

சிப்பியைப் பயிரிடுவதா? ஆம் தோழர்களே! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியிலே செர்ஜியஸ் ஒராட்டா என்பவன் லுக்ரைன் ஏரியிலே சிப்பி வளர்த்தான். யாருக்காக? சீமான்களின் விருந்துக்காக! தன் பணப்பெட்டிக்காக!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டுக் கரைகளிலே சிப்பி அருகிற்று. வாரி வாரி எடுத்தவர்கள் வளர்க்க நினைக்கவில்லை. 1850களில் விக்டர் கோஸ்த் என்ற அறிஞர் இத்தாலி சென்று, அங்கே சிப்பி வளர்க்கும் முறையைக் கண்டு வந்தார். மன்னன் மூன்றாம் நெப்போலியனின் அரசு துணை நின்றது. அர்க்காஷோன் வளைகுடாவிலே, சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீருக்குள் அடுக்கினார்கள். மிதந்து வந்த சிப்பிக் குஞ்சுகள் அவற்றிலே ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பெயர்த்தெடுத்து வேறிடத்திலே வளர்த்தார்கள், நாம் நாற்றைப் பிடுங்கி நடுவதைப் போல!

ஜப்பானியர் வேறு வழி கண்டனர். சிப்பி ஓடுகளைக் கம்பியிலே கோத்து, மிதவைகளிலிருந்து கடலுக்குள் தொங்கவிட்டனர். தீனி போட வேண்டியதில்லை. கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியை உண்டு சிப்பி தானே வளரும், நீரையும் தெளியவைக்கும். ஆனால் கோப்பதும், தூக்குவதும், ஓட்டைப் பிளப்பதும் யார்? உழைப்பாளி! குளிர்காலத்து நீரிலே விறைத்துப் போகும் அவன் கைகள்!

வந்தது கேடு. 1960களின் பிற்பகுதியிலே பிரான்சில் பெருவாரியாக வளர்ந்த போர்த்துகீசியச் சிப்பியை நோய் தாக்கிற்று. சில ஆண்டுகளிலே பண்ணைகள் பாழாயின. ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைய இருந்தது. அப்போது ஜப்பானின் மியாகி மாநிலத்திலிருந்து விதைச் சிப்பி வந்தது. கனடாவிலிருந்து தாய்ச் சிப்பியும் வந்தது. தொழில் பிழைத்தது. இன்று பிரான்சிலே வளர்வது பெரும்பாலும் அந்த ஜப்பானிய இனந்தான்!

ஆண்டுகள் உருண்டன. 2011 மார்ச் 11. பூகம்பம்! தொடர்ந்து ஆழிப்பேரலை! அதன் கொடுமையை நமக்குச் சொல்ல வேண்டுமா? 2004 டிசம்பர் 26இல் நாகையிலே கண்டோமே! மியாகி கடற்கரையிலே மிதவைகள் சிதறின, படகுகள் நொறுங்கின, பல்லாயிரவர் மாண்டனர்.

பிரான்சுக்காரர்கள் கைகட்டி நின்றார்களா? இல்லை. மிதவைகளையும் கயிறுகளையும் அனுப்பினார்கள். அந்த உதவித் திட்டத்துக்கு இட்ட பெயரே, 'பிரான்சின் கைம்மாறு' என்று பொருள்படும் பெயர்! தருமம் என்று சொல்லவில்லை. இரக்கம் என்று சொல்லவில்லை. கைம்மாறு என்றார்கள்.

"எவனோ எங்கோ துன்பப்பட்டால் நமக்கென்ன?" என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். மொழி வேறு, நிறம் வேறு, நடுவிலே பாதி உலகம். எனினும் உழைப்பவனின் இடரை உழைப்பவன் அறிந்தான். இடர் நேரத்திலே ஒருவன் அனுப்பிய விதையை மற்றவன் நாற்பதாண்டு கழிந்தும் மறக்கவில்லை.

பக்கத்துப் பட்டறையிலே தோழன் வேலையிழந்து நிற்கும்போது நாம் நீட்டும் கையும் அத்தகையதே. அது பிச்சையன்று. நாளை நம் வீட்டு அடுப்புக்காக நாம் இன்றே ஊன்றும் விதை!