கிருமிக்கு உயிர் உண்டா?

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதி. ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கடும் காய்ச்சலில் விழுந்தனர். பலருக்கு மூளை வீங்கியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் உண்மையான கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து அது கிடைத்தது. அந்தக் கிராமத்தின் பெயரே கிருமிக்கும் வந்தது: நிப்பா.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்? பாக்டீரியாவாக இருந்தால் சத்துக்கூழ் பூசிய தட்டில் வைத்தாலே பெருகும். நிப்பா வைரஸ் அப்படிப் பெருகாது. உயிருள்ள குரங்குச் சிறுநீரக உயிரணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அவற்றுக்கு அந்த நீரைக் கொடுத்தார்கள். உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பெரிய கூட்டணுக்களாயின. உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தன்னந்தனியாக விட்டால் எதுவுமே செய்யாத ஒன்று, உயிரணு கிடைத்ததும் இத்தனையும் செய்கிறது. அப்படியானால் அது உயிருள்ளதா, உயிரற்றதா?

சர்க்கரைபோல் படிகம்

உயிரற்றது என்போரிடம் வலுவான சான்று உண்டு. 1935இல் அமெரிக்க அறிவியலாளர் வெண்டல் ஸ்டான்லி, புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸைச் சர்க்கரை, உப்புபோலப் படிகமாக்கிக் காட்டினார். அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் மீண்டும் நோய் வந்தது. அவருக்கு 1946இல் நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கு அன்று, வேதியியலுக்கு!

மனிதனிடம் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. நிப்பாவிடம் இருப்பவை ஆறே ஆறு. அது உண்பதில்லை, சுவாசிப்பதில்லை, வளர்வதில்லை. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்னும் கருவியும் அதனிடம் இல்லை. சமையல் குறிப்பு எழுதிய தாள் தானாகச் சமைக்குமா? அடுப்பும் பாத்திரமும் சமையற்காரரும் வேண்டும். வைரஸ் என்பது “என்னையே மீண்டும் மீண்டும் தயாரி” என்று எழுதிய தாள். அடுப்பும் பாத்திரமும் நம் உயிரணுவுக்குச் சொந்தம்.

நோயுற்ற வைரஸ்

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், குளிர்விப்புக் கோபுரம் ஒன்றின் நீரில் வாழ்ந்த அமீபாவுக்குள் ஏதோ ஒன்று தென்பட்டது. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்குப் பெரியதாக இருந்ததால் பாக்டீரியா என்று எண்ணிவிட்டார்கள். அது வைரஸ் என்று 2003இல்தான் உறுதியானது. மிமிவைரஸ் எனப் பெயர் பெற்ற அதனிடம் ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்கள் இருந்தன.

2008இல் இன்னொரு வியப்பு. மிமிவைரஸின் உறவுக்கார வைரஸ் ஒன்றின் பெருக்கத்தையே கெடுக்கும் குட்டி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்புட்னிக் என்று அதற்குப் பெயரிட்டனர். உயிரற்ற பொருளுக்கு நோய் வருமா என்று பலரும் கேட்டனர்.

பிரெஞ்சு அறிவியலாளர் பத்ரிக் ஃபோர்தேர் ஒரு வழி சொல்கிறார். வெளியே கிடக்கும் துகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொற்றுக்குள்ளான உயிரணுவைப் பாருங்கள் என்கிறார். அங்கேதான் வைரஸ் வாழ்கிறது.

நமக்கு என்ன பயன்?

இது வெறும் சொல் விளையாட்டன்று. சளிக்காய்ச்சலுக்கு ஆண்டிபயாட்டிக் மாத்திரை கேட்டால் மருத்துவர் மறுப்பதன் காரணம் இங்கேதான் உள்ளது. அந்த மாத்திரைகள் பாக்டீரியாவின் சுவரையோ ரைபோசோமையோ தாக்குகின்றன. வைரஸிடம் தாக்குவதற்கு அவை இல்லை. அது பயன்படுத்துவது நம் கருவிகளை. அவற்றைத் தாக்கினால் பாதிப்பு நமக்கே.

சவர்க்காரத்தின் கதையும் இதுதான். நிப்பா, கொரோனா, சளிக்காய்ச்சல் கிருமிகளுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சவர்க்காரம் அதைக் கிழித்துவிடும். “கொன்றோம்” என்பதைவிட “செயலிழக்கச் செய்தோம்” என்று அறிவியலாளர்கள் சொல்வதும் இதனால்தான். பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிக்கு அந்தக் கொழுப்புறை இல்லை. அதனிடம் ஆல்கஹால் கைத்தூய்மி அவ்வளவாகச் செல்லாது. சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி நீரோடு போக்கவேண்டும்.

நிப்பாவையும் மருந்து கொடுத்து ஒழிக்கவில்லை. நிப்பா நடக்காது, பறக்காது. பழந்தின்னி வௌவால் அதை நோயில்லாமலே சுமந்தது. வௌவால் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழ, பன்றிக்குத் தொற்றியது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது என்கின்றனர் ஆய்வாளர்கள். ஒவ்வொரு அடியையும் அதற்காக வேறோர் உயிர் எடுத்து வைத்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் உயிரிழந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்து, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் வழியை அடைத்த பிறகே நோய் நின்றது.

வைரஸுக்குத் தமிழில் நச்சுயிரி என்றும் பெயர், தீநுண்மி என்றும் பெயர். முதல் சொல் அதற்கு உயிர் கொடுக்கிறது. இரண்டாவது சொல் பிடிகொடுக்காமல் நழுவுகிறது. எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி, அதற்கென்று சொந்த வாழ்க்கை கிடையாது. அது கடன் வாங்கும் வாழ்க்கை நம்முடையது. கடன் கொடுக்காமல் இருக்க வழி தேடுவதுதான் தடுப்பூசியும் கைகழுவலும் தனிமைப்படுத்தலும்.