பாஸ்வேர்ட் இருந்தும் திறக்காத கதவு

இந்தக் கிழமை எபிசோட்டில் நேரம் காணாமல் விட்ட வழக்கு இது.

2012 டிசம்பர், பெர்லின். 15 வயதுப் பிள்ளை ஒருத்தி சுரங்க ரயிலில் அடிபட்டு இறந்துபோனாள். விபத்தா, அவளாகவே எடுத்த முடிவா? பேஸ்புக் மெசேஜ்களில் பதில் இருக்குமோ என்று பெற்றோர் தேடினார்கள். தாயிடம் பாஸ்வேர்ட்டும் இருந்தது. ஆனால் அக்கவுண்ட் அதற்குள் நினைவுப் பக்கமாக மாறிவிட்டது. சரியான பாஸ்வேர்ட் போட்டும் உள்ளே போக ஏலாது.

2015இல் தாய் வென்றார். 2017இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 ஜூலை 12, கார்ல்ஸ்ரூவே உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: டயரியும் கடிதமும் வாரிசுக்குப் போகுதென்றால் அக்கவுண்ட்டும் போகும். அதற்குப் பிறகும் பேஸ்புக் கொடுத்தது, ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கில் 14,000 பக்கத்துக்கு மேற்பட்ட பிடிஎஃப். "அது காணாது, உள்ளே விடவேணும்" என்று 2020 ஓகஸ்டில் நீதிமன்றம் மறுபடி சொல்லவேண்டி வந்தது.

ஆக, ஜேர்மனியில் சட்டம் குடும்பத்தின் பக்கம். ஆனால் உரிமை வேறு, திறப்பு வேறு.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. கலியாணம் கட்டாமல், பிள்ளை இல்லாமல் இருக்கிறீர்களா? உயில் இல்லையென்றால் உங்கள் வாரிசு அப்பா அம்மாதான். உங்கள் சட் எல்லாம் அவர்களுக்கு. சேர்ந்து வாழ்கிற துணைக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. அது வேண்டாமென்றால் நீங்கள்தான் எழுதிவைக்கவேணும். உயில் முழுக்கக் கையெழுத்தில் இருக்கவேணும், கீழே ஒப்பம். கம்ப்யூட்டரில் அடித்தது செல்லாது. 16, 17 வயதென்றால் நோட்டாரிடம் போகவேணும்.

இன்றைக்கே செய்யக்கூடியது:

கூகுள்: 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்'. 3 முதல் 18 மாதம் வரை நீங்கள் பாவிக்காவிட்டால், தெரிவுசெய்த ஆட்களுக்குத் தகவல் போகும். 10 பேர் வரை போடலாம். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியும் வைக்கலாம்.

ஐபோன்: செட்டிங்ஸில் 'லெகசி கொன்டக்ட்', ஜேர்மனில் 'நாக்லாஸ்கொன்டக்ட்'. வருகிற கோட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கோ. அதோடு மரணச் சான்றிதழும் தேவை. சேமித்த பாஸ்வேர்ட்கள் இதில் வராது, அதைத் தனியாக எழுதி வையுங்கோ.

சிம்: ஆள் போனதும் நம்பரை உடனே வெட்டாதேங்கோ. லொகின் கோட் பெரும்பாலும் அதற்குத்தான் வரும்.

அப்பா அம்மாவின் அக்கவுண்ட்களைத் திறந்துகொடுத்ததே எங்களில் பலபேர்தான். எங்கள் வீட்டு ஐடி டிபார்ட்மென்ட் நாங்கள். யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவின் வொய்ஸ் மெசேஜ் எல்லாம் அம்மாவின் போனில்தான் இருக்கு. இதைக் கதைக்கப் போனால் "ஏன் இப்ப உந்த அபசகுனக் கதை?" என்று ஏச்சு விழும். அதனால் உங்களுடையதை முதலில் முடியுங்கோ. பிறகு கேளுங்கோ: "அம்மா, நான் என்ரதைச் செய்திட்டன். உங்கடதையும் பாப்பமா?"